பரப்புக் காவலின் நடுவே

திருத்தங்கல், சிவகாசிப் பகுதியின் கூடைப்பந்துக் களங்களில் பல திறந்தவெளியில் அமைந்தவை. ஆனி, ஆடித் திங்கள்களில் மேற்கு மலைத்தொடரைக் கடந்து கரிசல் வெளியில் பாயும் தென்மேற்குக் காற்றுக்கு அங்கே தடையேதும் இல்லை. அக்காற்று ஆட்டத்தை எவ்வளவு மாற்றும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பந்தின் எடை ஏறத்தாழ 600 கிராம்; குறுக்களவு 24 செ.மீ. மூன்று புள்ளி வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து சற்றேறக்குறைய ஒரு நொடி வானில் இருக்கும். நொடிக்கு 3 மீட்டர் விரைவில் குறுக்கே வீசும் மெல்லிய காற்றுகூட, அந்த ஒரு நொடிக்குள் பந்தைக் கால் மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளிவிடும். வளையத்தின் குறுக்களவோ 45 செ.மீ. இரும்பைத் தொடாமல் பந்து உள்ளே விழவேண்டுமானால் இருபுறமும் பத்தரை செ.மீ. விலகலுக்குத்தான் இடமுண்டு. ஆகவே காற்றுக் காலத்தில் தொலைவெறிவை நம்பும் அணி தடுமாறும்.

இதை அறிந்த எதிரணி என்ன செய்யும்? ஆளுக்கு ஆள் ஒட்டிநின்று காப்பதை விடுத்து, ஆளுக்கு ஓர் இடமாகப் பிரித்துக்கொண்டு காக்கும். களத்தில் 'ஜோன்' என்று சொல்லப்படும் இம்முறையைப் பரப்புக் காவல் எனலாம். முன்னே இருவர், பின்னே மூவர் என நிற்பது இதன் பெருவழக்கான அமைப்பு. வளைகோட்டுக்கு உட்பட்ட பரப்பு 90 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். ஐவருக்கும் பங்கிட்டால் ஒருவர்க்கு 18 சதுர மீட்டர். கை நீண்டவர், கால் விரைந்தவர் ஐவர் கூடினால் இதைக் காத்துவிட முடியும். அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழக அணியை 1976 முதல் 2023 வரை பயிற்றுவித்த ஜிம் போகெய்ம் இந்த 2-3 காவலையே தம் அணியின் அடையாளமாக்கினார். 2003ஆம் ஆண்டுக் கல்லூரி வாகையர் இறுதியாட்டத்தில் கான்சஸ் அணியை அவர் அணி 81-78 என வென்றது.

எனினும் இக்காவலின் அமைப்பிலேயே ஒரு வெற்றிடம் பிறக்கிறது. பந்து களத்தின் தலைப்பகுதியில் இருக்கும்போது முன்னிருவரும் அதை நோக்கி மேலேறுவர். பின்மூவரும் கூடையை விட்டு அகலார். இரு வரிசைக்கும் இடையே, தனி எறிகோட்டின் நடுப்பகுதி எவர்க்கும் உரியதாகாமல் கிடக்கும். 'போஸ்ட்' எனப்படும் உட்கள ஆட்டக்காரர் புகவேண்டிய இடம் அதுவே.

ஏன் அதுவே? பந்து வலப்பக்க வளைகோட்டருகே ஒருவரிடம் இருப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து எறிகோட்டின் நடுவிடம் 5 மீட்டர். நொடிக்கு 10 மீட்டர் விரைவில் தந்தால் பந்து அரை நொடியில் அங்கே சேரும். காவலர் அதைக் கண்டு உடலை இயக்கத் தொடங்கவே ஐந்தில் ஒரு பங்கு நொடி கழிந்துவிடும். மீதமுள்ள நேரத்தில், நொடிக்கு 3 மீட்டர் விரைவில் நகர்ந்தாலும், அவர் கடப்பது ஒரு மீட்டருக்கும் குறைவே. காலால் பந்தைத் துரத்திப் பிடித்தவர் எவருமில்லை.

பந்து நடுவே வந்த கணமே காவலின் கணக்கு குலைகிறது. முன்னிருவர்க்கும் பந்து முதுகுப்புறம் போய்விடுகிறது. அதைக் காண அவர்கள் திரும்பினால், தாங்கள் காக்கவேண்டிய வெளியாட்டக்காரர் பார்வையிலிருந்து மறைகிறார். பின்வரிசையின் நடுக்காவலர் முன்னேறி வந்து தடுத்தால் கூடையடி திறக்கும். வராது நின்றால் உட்கள ஆட்டக்காரர் 4.2 மீட்டர் தொலைவிலிருந்து தடையின்றி எறிவார். அவ்வளவு அணுக்கத்தில் திசைப் பிழைக்கு இருபுறமும் 1.4 பாகை வரை இடமுண்டு. வளைகோட்டிலிருந்து எறிந்தால் 0.9 பாகைதான். குறுகிய எறிவு வானில் இருக்கும் நேரமும் குறைவாதலால் ஆடிக்காற்றுக்கும் அதன்மேல் அவ்வளவு பிடியில்லை.

இங்கேதான் நம் கல்லூரி அணிகளின் வழக்கத்தோடு நான் மாறுபடுகிறேன். அணியில் மிக உயர்ந்தவரைக் கூடைக்குக் கீழே நட்டுவைத்து, அவர் தலைக்கு மேல் பந்தைத் தூக்கியெறியும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பரப்புக் காவலில் மூவர் சூழ நிற்கும் இடத்துக்கே பந்தை அனுப்புவது எதிரணிக்குச் செய்யும் உதவி. எறிகோட்டில் நிற்கவேண்டியவர் அணியிலேயே கூர்ந்த பார்வையுடையவர்; அவர் ஒரு சாண் குட்டையாயினும் கேடில்லை. செர்பியாவின் நிகோலா யோக்கிச் 2.11 மீட்டர் உயரமுடையவர். ஆயினும் 2023இல் டென்வர் அணிக்கு வாகை சூட்டித் தந்ததில், பந்தை உரிய கணத்தில் உரியவர்க்குத் தரும் அவருடைய திறத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

அத்திறத்தின் தொடக்கம் காலடியில் இருக்கிறது. பந்தைப் பற்றும்போது இரு பாதங்களும் ஒருசேரத் தரையில் ஊன்றினால் எந்தக் காலையும் அச்சாகக் கொண்டு திரும்பலாம் என்கிறது ஆட்டநெறி. ஒரு காலை முன்னூன்றிப் பற்றியவர்க்கு அந்த உரிமை இல்லை. அவர் திரும்பும் திசையைக் காவலர் முன்னறிந்துவிடுவர். பந்து கைக்கு வருமுன்பே தோளுக்கு மேலாகக் கூடைப்பக்கம் ஒருமுறை நோக்கிக்கொள்வது இன்னும் நன்று. பற்றியபின் பார்க்கத் தொடங்குபவர், ஒரே தரவில் வென்றெடுத்த அந்த அரை நொடியைக் காவலர்க்கே திருப்பித் தந்துவிடுகிறார்.

தாக்கும் அணியினர் வளையத்துக்கு முன்னுள்ள வண்ணப் பரப்பில் மூன்று நொடிக்கு மேல் தங்கலாகாது. நம் கல்லூரிகள் பின்பற்றும் பன்னாட்டு நெறியில் காக்கும் அணிக்கு இத்தடை இல்லை. அதன் நெடியவர் கூடையடியிலேயே ஊன்றி நிற்கலாம். அமெரிக்கத் தொழின்முறை ஆட்டத்தில், 2001இல் பரப்புக் காவலுக்கு இசைவு தந்தபோதே, காப்பவர்க்கும் மூன்று நொடி வரம்பு விதித்துவிட்டனர். ஆகவே தொலைக்காட்சியில் கண்ட அந்த ஆட்டத்தை அப்படியே நம் களத்துக்குக் கொண்டுவர இயலாது. இங்கே உட்கள ஆட்டக்காரர் வெற்றிடத்தில் புகுந்து, பந்து வாராவிடின் விலகி, மீண்டும் புகவேண்டும்.

இரண்டாம் உட்கள ஆட்டக்காரர் நிற்கவேண்டிய இடத்தை இன்னும் பலர் உணரவில்லை. கூடைக்குப் பக்கவாட்டில், இறுதிக்கோட்டை ஒட்டி, பின்வரிசைக் காவலரின் முதுகுக்குப் பின்னே அவர் நிற்பது சிறப்பு. காவலர் மூவரும் பந்தை நோக்கி முன்பார்த்து நிற்பதால் அவர் எவர் கண்ணிலும் படார். எறிகோட்டில் பந்து சேர்ந்து நடுக்காவலர் ஓரடி மேலேறியதும் இவர் கூடைக்கு முன்னே வழுக்கி வருவார். மேலிருந்து கீழே வரும் அந்த ஒரு தரவில் கூடை கைக்கெட்டும்.

1891இல் சுபிரிங்ஃபீல்டின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இவ்வாட்டத்தைத் தோற்றுவித்த நெய்சுமித்து கூடைகளை மாட்டிய மேல்மாடத்தின் உயரம் பத்தடி. வளையம் இன்றும் அதே 3.05 மீட்டரில்தான் இருக்கிறது. அப்பள்ளியில் பயின்ற ஆரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். தமிழ்நாட்டுக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு நெடியது. கோடைதோறும் பெரியகுளத்தில் நடக்கும் அனைத்திந்தியப் போட்டிக்குச் செல்லும் நம் மாணவர், சில ஆட்டங்களிலேனும் பந்தை விட்டுவிட்டு உட்கள ஆட்டக்காரரின் கால்களையும் கழுத்தையும் மட்டுமே கவனித்து வரவேண்டும் என்பது என் விருப்பம்.

அங்கே காணக்கூடிய இன்னொன்றும் உண்டு. பரப்புக் காவலில் இடத்துக்குத்தான் காவல், ஆளுக்கு இல்லை. ஆகையால் எறிவு தவறிப் பந்து மீளும்போது எவரை முதுகால் மறித்துநிற்பது என்று காவலர்க்குத் தெளிவிராது. ஒரு மூலையிலிருந்து தவறிய நெடிய எறிவு பெரும்பாலும் எதிர்ப்பக்கமே தெறிக்கும். எறிவு கையை விட்டகன்றதுமே எதிர்ப்பக்கத்துக்கு ஓடத் தொடங்கும் உட்கள ஆட்டக்காரர், தம்மினும் உயர்ந்தவரை முந்திப் பந்தைக் கைப்பற்றலாம்.