மான் இறைச்சித் தானமும் ஈயத்தின் அபாயமும்

வேட்டையில் விளைந்த தர்மம்

அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் வேட்டைப் பருவம் தொடங்கியதும், அனுமதிச் சீட்டுப் பெற்றோர் தாம் வீழ்த்திய மானில் குடும்பத்தின் தேவைக்கு மிஞ்சியதைக் கசாப்புக் கடையில் சேர்ப்பிக்க, அது கொத்திப் பொட்டலமாகக் கட்டப்பட்டு, உணவு வங்கிகளின் வழியே ஏழைகளின் அடுப்பங்கரையை அடைகிறது. வர்ஜீனியாவில் 1991-லும் மேரிலாந்தில் 1997-லும் இவ்வாறு இறைச்சியைச் சேர்த்து வழங்கும் அமைப்புகள் தோன்றின.

மானிறைச்சியின் குணம்

சமைத்த மானிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் உண்டு. கொழுப்போ சுமார் 3 கிராம்தான். அரிசி, ரொட்டி, டப்பா உணவு ஆகியவற்றையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் புஷ்டியான தானம் அரிது.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

2008-ல் வட டகோட்டாவில், தாமும் வேட்டைக்காரரான ஒரு வைத்தியர், தானமாக வந்த சுமார் 100 பொட்டலங்களை ஸ்கேன் செய்து பார்க்க, பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகத் துணுக்குகள் தென்பட்டன. குண்டிலுள்ள ஈயம் மிருதுவான உலோகமாதலால், அதிவேகமாகப் பாயும் குண்டு எலும்பில் மோதியதும் சிதறி, காயத்திலிருந்து ஒரு சாணுக்கு அப்பாலும் தூளாய்ப் பரவிவிடுகிறது. அத்தூள் பல்லில் நெருடுவதுமில்லை, நாவுக்குப் புலப்படுவதுமில்லை. கொத்துகையில் அது இறைச்சி முழுவதும் கலந்துவிடும். கொதிக்கவைப்பதால் ஈயம் அழியாது. காடி முதலிய புளிப்பு சேர்ந்தாலோ அது இன்னும் கூடுதலாகக் கரையும்.

யாருக்கு அதிக அபாயம்?

ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை. வளரும் குழந்தையின் மூளையையே அது முதலில் தாக்குவதால், கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட சிறுவரும் ஈயக்குண்டால் வீழ்த்திய பிராணியின் இறைச்சியைத் தவிர்ப்பதே உத்தமம்.

செய்யவேண்டியவை

செப்புக் குண்டு பெரும்பாலும் சிதறுவதில்லை. ஆகவே முதற் பரிகாரம் வேட்டைக்காரரின் கையிலேயே இருக்கிறது. ஈயக்குண்டு பட்டிருப்பின், காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். கழுவினால் துணுக்குகள் மற்ற இடங்களுக்குப் பரவுமேயன்றி நீங்கமாட்டா. கொத்திய இறைச்சியைவிட முழுத் துண்டுகளே மேல். மின்னசோட்டா மாநிலத்தில் தானப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வழக்கமும் ஏற்பட்டது.

ஈயத்தைத் தவிர, கொலராடோவில் 1967-ல் முதன்முதல் கண்டறியப்பட்டதும், மானை மெலியவைத்துக் கொல்வதுமான நோய் ஒன்றையும் கவனிக்க வேண்டும். அது மனிதரைத் தொற்றியதாக நிரூபணமாகவில்லையெனினும், அதற்குக் காரணமான புரதம் சமையல் சூட்டில் அழியாதாகையால், நோய் பரவியுள்ள பிரதேசங்களில் பரிசோதனை முடிவு வரும்வரை இறைச்சியை வழங்கலாகாது.

கொடுப்போர் கடமை

காசுள்ளவன் கடையில் பார்த்துப் பொறுக்கி வாங்குவான். பசித்து வந்தவனோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவான். ஆதலால், தன் குழந்தையின் தட்டில் வைக்கத் தயங்கும் இறைச்சியை ஒருவர் பிறர் குழந்தைக்குக் கொடுப்பது தானமாகாது.