பிள்ளைகளின் குருதியில் காரீயம்: காரைக்கால் மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

வேதம் ஓதுவதைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். கல்வி மறுப்பின் கொடூரத்தைச் சுட்ட நம் மேடைகளில் பலமுறை எடுத்தாளப்பட்ட விதி இது. இன்று உருக்கி ஊற்ற எவரும் வருவதில்லை. ஆயினும் படிக்க வேண்டிய வயதில் நம் பிள்ளைகளின் உடலுக்குள் ஈயம் சென்றுகொண்டுதான் இருக்கிறது. யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் குருதியில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் உள்ளது. அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள்.

ஊருக்குள் சென்று 'ஈயம் நஞ்சு' என்று பேசத் தொடங்கும் மாணவரை ஏதேனும் ஒரு பாட்டி மடக்கத்தான் செய்வார்: ஈயச் சொம்பில்தானே காலங்காலமாக ரசம் வைக்கிறார்கள்? நியாயமான கேள்வி. ரசச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சும் வெள்ளீயம். தர்மசூத்திரம் 'திரபு' என்று குறிப்பதும் அதையே. பேட்டரியிலும் பழைய பெயின்டிலும் மீன்வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் குண்டிலும் இருப்பது காரீயம். நஞ்சு என்று இக்கட்டுரை சொல்வது காரீயத்தைத்தான். (மலிவுக்காக வெள்ளீயத்தில் காரீயம் கலப்போரும் உண்டு, ஆகவே சொம்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது.) இந்த வேறுபாட்டை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லாத பரப்புரை அங்கேயே முடிந்துவிடும்.

காரீயம் உடலை ஏமாற்றும் உலோகம். சுண்ணாம்புச் சத்து போகும் வழிகளிலேயே அதுவும் நுழைந்து, மூளையின் நரம்புத் தொடர்புகளைக் குலைக்கிறது. மிச்சம் எலும்பில் பதுங்கிப் பல பத்தாண்டுகள் தங்குகிறது. தாயின் எலும்பில் தங்கியது பேறுகாலத்தில் கரைந்து கருவைச் சேர்கிறது. பெரியவர் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே உடலில் சேரும். சிறு குழந்தைக்கு அது பாதி வரை போகும். இரும்புச் சத்து குறைந்த உடல் இன்னும் கூடுதலாக ஈர்க்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 6 முதல் 59 மாத வயதுள்ள இந்தியக் குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு இரத்தசோகை. பசியும் நஞ்சும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது. தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

காரீயம் எங்கிருந்து வருகிறது? பழைய பேட்டரியை உடைப்பவர், காயலான் கடையில் தரம் பிரிப்பவர், குப்பை பொறுக்குபவர், சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பவர் ஆகியோரின் சட்டையில் ஒட்டி வீட்டுக்கு வருகிறது. இந்த வேலைகளைச் செய்வோர் யார் என்பதை இந்தத் தளத்தின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில் வயல் வேலை இழந்த கூலிக் குடும்பம் நாடிப் போகும் வேலைகளும் இவையே. செனகல் நாட்டின் கடலோர ஊரான தியாரோயில் பழைய பேட்டரிகளிலிருந்து காரீயம் பிரித்ததில், 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தனர். கொலம்பியாவின் கார்த்தகேனாவில் வலைக்குண்டு வார்க்கும் மீனவர் பகுதியின் பிள்ளைகளிடம் காரீயம் மிகுந்திருப்பது ஆய்வில் பதிவாகியுள்ளது. கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ எவரேனும் வீட்டு அடுப்பில் குண்டு வார்த்தால், கேட்டறிய வேண்டியது நம் மாணவர்களின் வேலை.

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டிருந்தும் அவர்களின் சராசரி அளவு 11.4 மைக்ரோகிராம். குழந்தைகளின் நடத்தையை மதிப்பிட்டவர்கள் அவர்களின் ஆசிரியர்களே. குருதியில் காரீயம் கூடக்கூட, பதற்றமும் கவனச் சிதறலும் கூடுதலாகப் பதிவாயின. கவனியுங்கள்: 'கவனிக்க மாட்டான்', 'உட்கார மாட்டான்', 'மண்டையில் ஏறாது'. சேரிப் பிள்ளையைப் பற்றி வகுப்பறை பரம்பரையாகச் சொல்லிவரும் சொற்கள் இவை. நஞ்சின் அறிகுறியும் சாதியின் வசவும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அளந்து பார்க்காதவரை நஞ்சு பிறப்பின் கணக்கில்தான் எழுதப்படும்.

காரைக்காலில் இன்னொரு கணக்கும் உண்டு. படிப்பு ஏறாத பிள்ளைக்குச் சனி பிடித்திருக்கிறது என்று திருநள்ளாற்றுக்கு அழைத்துச் செல்வார்கள். ஐரோப்பிய ரசவாதிகளும் காரீயத்தைச் சனிக் கோளின் உலோகம் என்றே கருதினர். 1954 நவம்பர் 1 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் மொழியில் இந்த நோயின் பெயர் இன்றும் 'சாத்துர்னிஸ்ம்', அதாவது சனி நோய். ஆனால் 1985 முதல் பாரிஸின் பழைய கட்டடங்களில் குடியிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் அது கண்டறியப்பட்டபோது, அங்குள்ள மருத்துவர்கள் கோளைத் தேடாமல் சுவரைச் சுரண்டிப் பார்த்தனர்.

மாணவர்களுக்கு முன்மாதிரி தேவையெனில் 1969இன் நியூயார்க்கைப் பார்க்கலாம். ஈஸ்ட் ஹார்லெமில் புவேர்ட்டோ ரிக்க இளைஞர்களின் யங் லார்ட்ஸ் அமைப்பு, பிளாக் பேந்தர்ஸின் தோழமை இயக்கம். நம் தலித் பேந்தர்ஸ் 1972இல் பம்பாயில் பெயரெடுத்துக்கொண்டதும் அதே பிளாக் பேந்தர்ஸிடமிருந்துதான். பழைய வாடகை வீடுகளில் உதிர்ந்த பெயின்டைத் தின்று குழந்தைகள் நோயுற்றுக்கொண்டிருக்க, மாநகர சுகாதாரத் துறையிடம் பரிசோதனைக் கருவிகள் பயன்படாமல் கிடந்தன. இளைஞர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திக் கருவிகளைப் பெற்று, மருத்துவ மாணவர்களுடன் வீடுவீடாகச் சென்று சோதித்தனர். 1970இல் காரீய நஞ்சைக் கட்டுப்படுத்த மாநகரம் தனிப் பிரிவு தொடங்கியது. 1971இல் கூட்டரசு சட்டம் வந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் காரீயத் தொழிலதிபர் சங்கத்தின் அதிகாரிகள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கப் பெற்றோர்களைத் திருத்த முடியாது என்பதே சிக்கல் என்று.

இதனால்தான் 'கை கழுவுங்கள், வீட்டைத் துடையுங்கள்' என்ற சுவரொட்டியோடு நின்றுவிடும் விழிப்புணர்வில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஈரத்துணியால் துடைப்பதும் வேலை உடையைத் தனியே துவைப்பதும் பயன் தரும். கீரையும் கேழ்வரகும் பயன் தரும். ஆனால் அதோடு நின்றால் குற்றவாளி தாய் என்றாகிவிடும்.

காரைக்கால் சிறிய நிலம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சம்தான். அதற்குள் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி, தேசியத் தொழில்நுட்பக் கழகம், வேளாண் கல்லூரி, அரசு கலைக் கல்லூரிகள் எல்லாம் உள்ளன. மருத்துவ மாணவர் குருதி எடுக்கலாம். பொறியியல் மாணவர் தூசையும் பெயின்டையும் அளக்கலாம். மற்றவர் வீட்டுக்கு வீடு பேசலாம். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டப் பரிசோதனையின் பட்டியலில் இரத்தசோகையும் வளர்ச்சித் தாமதமும் உண்டு, காரீயம் இல்லை. அதைச் சேர்க்கக் கோருவதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

எச்சரிக்கைகளும் உண்டு. பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றி ஒரு துளி குருதியும் எடுக்கக் கூடாது. விரல்நுனியில் ஒட்டிய தூசே அளவை உயர்த்திக் காட்டும் என்பதால், மிகுந்த அளவு வந்தால் நரம்புக் குருதியில் மறுசோதனை தேவை. சிகிச்சைக்கு மருத்துவர் ஒருவர் ஒப்புக்கொள்வதற்கு முன் சோதனையைத் தொடங்காதீர்கள். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்பது வெளியே போகவே கூடாது. 'அந்தக் காலனிப் பிள்ளைகளுக்கு மூளை கெட்டுவிட்டது' என்று ஒரு தலைப்புச் செய்தி வந்தால், நாம் உடைக்க வந்த முத்திரையை நாமே குத்தியவர்களாவோம்.

சட்டத்தில் பிடிமானம் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. 2016இன் விதிகள் வீட்டு, அலங்காரப் பெயின்டில் காரீயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்துகின்றன. தொழில்துறைப் பெயின்டுகள் அவற்றுக்குள் வருவதில்லை. 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. காரைக்காலுக்குப் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். எல்லை தாண்டி நாகையிலோ மயிலாடுதுறையிலோ கால் வைத்தால் தமிழ்நாட்டு வாரியம். புகைக்கு எல்லை தெரியாது, அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே தகவல் உரிமை மனுவை இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள்: அனுமதி பெற்ற பேட்டரி மறுசுழற்சியாளர் யார், கடைசி ஆய்வு எப்போது, காரீய அளவு என்ன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு இரு பகுதிகளும் உட்பட்டவை என்பது நமக்கு அனுகூலம்.

தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் வழக்கிட ஆறு மாதம், 15ஆம் பிரிவில் இழப்பீடு கோர ஐந்து ஆண்டு. இரண்டிலும் கூடுதலாக 60 நாள் சலுகை கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தீங்கில் வழக்குமூலம் எப்போது எழுந்தது என்பதே முதல் சண்டையாக இருக்கும். ஆய்வக அறிக்கை கைக்கு வந்த நாளில்தான் என்று வாதாட இடமுண்டு. எனவே அறிக்கை தரும்போது அதில் தேதியிட்டு, ஒப்பம் வாங்கி, மூலத்தைப் பெற்றோரிடமே கொடுத்துவிட்டு நகலை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.