இணையத் தொலைபேசிகளுக்கு ஒரு கோப்பு வழங்கி

புதிதாக அலுவலகம் திறக்கும் வாடிக்கையாளர்கள் பலர், செப்புக் கம்பித் தொலைபேசிகளை விடுத்து இணையத் தொலைபேசிகளையே நாடுகின்றனர். ஐந்து கருவிகள் என்றால் ஒவ்வொன்றாகக் கையால் அமைத்துவிடலாம். ஐம்பது என்றால் அது நாள் கணக்கில் நீளும் வேலை. பின்னர் ஏதேனும் ஒரு மாற்றம் வந்தாலும் மீண்டும் மேசை மேசையாக அலைய வேண்டும். அந்த அலைச்சலைத் தவிர்க்கவே கோப்பு வழங்கி.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. தொலைபேசிகளுக்குரிய அமைவுக் கோப்புகளை வைத்திருந்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் கணினி, அவ்வளவே. லினக்ஸ் இயங்கும் பழைய கணினி ஒன்றே இதற்குப் போதும்.

மின்சாரம் கிடைத்ததும் தொலைபேசி முதலில் அலுவலக வலையமைப்பிடம் தனக்கொரு முகவரி கேட்கிறது. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவை, கோப்புகள் எந்தக் கணினியில் உள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்லும். அதற்கான இடம் அச்சேவையின் 66ஆம் விருப்பம். சிஸ்கோ கருவிகளுக்கு 150ஆம் விருப்பமும் உண்டு. அதன்பின் தொலைபேசி வழங்கியை அணுகித் தன் பெயரிலுள்ள கோப்பைக் கேட்கும். இங்கே பெயர் என்பது பெரும்பாலும், கருவியின் அடியில் ஒட்டிய சீட்டில் காணப்படும் 12 இலக்க மேக் எண்ணைக் கொண்டு அமைவது. அதில் ஓர் இலக்கம் பிழைத்தாலும், லினக்ஸில் பெரிய எழுத்துக்குப் பதிலாகச் சிறிய எழுத்து வந்தாலும் கோப்பு கிடைக்காது. தொலைபேசி காரணம் சொல்லாமல் வெறுமனே நிற்கும். எங்கள் அலுவலகத்தில் இதற்காகவே ஒரு பிற்பகல் முழுவதும் வீணாயிற்று. வழங்கியின் பதிவேட்டைத் திறந்து, கருவி எந்தப் பெயரைக் கேட்டது என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

இக்கோப்புகளை அனுப்ப நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது டி.எஃப்.டி.பி. என்னும் முறை, இதன் இன்றைய வரையறை 1992இல் வெளியானது. கோப்பை 512 பைட்டுத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புதல் பெற்றே அடுத்ததை அனுப்பும் எளிய முறை அது. ஆனால் கேட்பவர் யார் என்று அது வினவுவதில்லை. அனுப்புவதை மறையாக்கம் செய்வதும் இல்லை. வங்கியினராகிய எங்கள் கண்ணுக்கு அது காவலர் இல்லாத பெட்டக அறை.

உள்ளே இருப்பதோ உள்ளிணைப்பு எண்ணும் அதன் கடவுச்சொல்லும். மேக் எண்ணைப் படித்துக்கொண்ட எவரும் அதே வலையமைப்பில் ஒரு மடிக்கணினியை இணைத்து அக்கோப்பைப் பெற்றுவிடலாம். வழங்கி வெளி இணையத்துக்கும் திறந்திருந்தால் நேரில் வரவும் வேண்டாம்: எண்ணின் முதற்பாதி தயாரிப்பாளரைக் குறிப்பது, மறுபாதியை ஒரு நிரல் ஊகித்துப் பார்க்கும். அதன்பின் உங்கள் கணக்கில் வெளிநாட்டு அழைப்புகள், அதுவும் அலுவலகம் பூட்டிய விடுமுறை நாள்களில்.

ஆகவே கருவி ஏற்குமாயின் எச்.டி.டி.பி.எஸ். முறையையே தேர்ந்தெடுங்கள், அண்மைக் காலக் கருவிகளில் பல அதை ஏற்கின்றன. பழைய கருவிகளானால், தொலைபேசிகளைக் கணினிகளிலிருந்து பிரித்துத் தனி வலையமைப்பில் வையுங்கள், டி.எஃப்.டி.பி. பயன்படுத்தும் 69ஆம் வாயிலை வெளியிலிருந்து எவரும் எட்டாதவாறு அடையுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத அலுவலகம், அவ்வசதியை நிறுத்துமாறு சேவை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நன்று. தொலைபேசிக் கட்டணத்துக்குத் தானியங்கிப் பற்று ஆணை அளித்திருப்போர், அதன் உச்சவரம்பை வழக்கமான கட்டணத்தை ஒட்டியே குறிப்பிடலாம்.

கருவிகளின் உள்மென்பொருளைப் புதுப்பிப்பதும் இதே வழங்கியின் வழியேதான். பாதியில் மின்சாரம் நின்றால் சில கருவிகள் மீளாமலே போகக்கூடும். தொலைபேசிகளுக்கு மின்சாரம் தரும் சுவிட்சை யூ.பி.எஸ்.ஸில் இணைத்த பிறகு, முதலில் ஒரே ஒரு கருவியில் புதுப்பித்துப் பாருங்கள். அது ஒருநாள் ஒழுங்காக இயங்கினால் மற்றவற்றைத் தொடுங்கள்.