குளிர்பான டின் அடுப்புக்கு ஒரு சட்டை

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளம். அதை முதுகுப்பையுடன் நடந்து கடப்பவர்கள் பல் துலக்கும் பிரஷின் காம்பைக்கூட வெட்டி எடை குறைப்பார்கள். அவர்களில் சிலர் அடுப்பையும் கையாலேயே செய்துகொள்கிறார்கள். இரண்டு காலி குளிர்பான டின்களின் அடிப்பகுதியை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளையிட்டால் அடுப்பு தயார். நடுவில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைக்கிறார்கள். அதிலுள்ள எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். டின் சூடேறியதும் ஆவி துளைகள் வழியே சீறி, நீலச் சுடராக எரியும்.

அரை லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர, கணக்குப்படி 8 மில்லி எத்தனால் போதும். நடைமுறையில் அதைப்போல் இரு மடங்காவது செலவாகிறது. மீதி வெப்பம் களவுபோகிறது. கையால் செய்யும் துணைக்கருவிகள் எல்லாம் இந்தக் களவைத் தடுப்பவைதான்.

முதல் திருடன் காற்று. தடித்த அலுமினியத் தாளைப் பாத்திரத்தைச் சுற்றி விரலளவு இடைவெளி விட்டு நிறுத்தினால் அதுவே காற்றுத் தடுப்பு. அடியில் துளைகள் வேண்டும். இல்லையெனில் சுடர் மூச்சுத்திணறும்.

இரண்டாவது, ஆவி. ஒரு கிராம் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கும் வரை சூடாக்குவதைவிட அதை ஆவியாக்க ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பம் வேண்டும். அலுமினியத் தாளை மடித்து மூடி செய்வது அதனால்தான்.

மூன்றாவது, இறக்கிய பிறகு ஆறிப்போவது. காரின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் வெள்ளி நிறத் தடுப்பை வெட்டி, பாத்திரத்துக்குச் சட்டை தைக்கிறார்கள். கொதித்ததும் அதற்குள் இறக்கி வைத்தால், நூடுல்ஸ் தன் சூட்டிலேயே வெந்துவிடும். நம் வீட்டில் பிரியாணிக்குத் தம் போடுவதுபோலத்தான். இங்கே தணல்கூடத் தேவையில்லை.

எச்சரிக்கைகளும் உண்டு. வெயிலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதாக நினைத்து மேலும் ஊற்றினால் தீ பாயும். கேஸ் உருளைக்கு மேலேயே பொருத்தும் அடுப்பை முழுக்கச் சுற்றி மறைத்தால், உருளை சூடாகி வெடிக்கலாம். கூடாரத்துக்குள் எந்த அடுப்பை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லக்கூடும்.

வேளைக்கு 8 மில்லி மிச்சமானால் பத்து வேளைக்கு 80 மில்லி, அதாவது 63 கிராம். அலுமினியத் தாளால் ஆன தடுப்பும் மூடியும் சேர்ந்தாலும் அவ்வளவு எடை வராது. சுமை கூட்டிச் சுமை குறைக்கும் கணக்கு இது.