கொல்லிமலையே கீழே இறங்கினால்? துருவத் தீவில் அதுதான் நடக்கிறது!

சேந்தமங்கலத்தில் பஸ் ஏறி, காரவள்ளி தாண்டி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக் கொல்லிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்... கீழே வியர்த்துக் கொட்டிய உடம்பு, மேலே போனதும் சால்வை கேட்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைவதுதான் காரணம்.

மலைமேல் ஒரு தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு, 27 வருஷம் கழித்துப் போய்ப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். மாட்டிய ஆணி அசையவில்லை. ஆனால், சுமார் 700 மீட்டர் கீழே இருக்கும் ஊரின் சூட்டை அது காட்டினால் எப்படி இருக்கும்? வடதுருவத்துக்கு அருகே, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கிட்டத்தட்ட இதுதான் நடந்திருக்கிறது. அங்குள்ள விமான நிலையத்தில் 1991-லிருந்து 2018 வரை, பத்தாண்டுக்கு 1.7 டிகிரி வீதம் வெப்பம் ஏறியிருக்கிறது. உலக சராசரியைப்போல ஏழு மடங்கு வேகம்!

'சில வருஷக் கணக்கை வைத்துப் பயமுறுத்துகிறார்களோ?' என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால், இந்தக் கணக்கு 1898-லேயே தொடங்குகிறது. குளிர்காலத்தில் அங்கே தங்கிய வேட்டைக்காரர்களின் குறிப்புகள், 1911-ல் வந்த வானிலை நிலையம், 1975 முதல் விமான நிலையம் என ஒட்டுப்போட்ட பதிவு அது. இடத்துக்கு இடம் குளிர் மாறுமே? அதனால் பழைய முகாம்களில் புதுக் கருவிகளை வைத்து அளந்து, வித்தியாசத்தைச் சரிசெய்தார்கள் விஞ்ஞானிகள். 1930-களில் சூடு ஏறியதும், 1960-களில் மறுபடி குளிர்ந்ததும்கூட அதில் தெரிகிறது. இப்போதைய ஏற்றம் அதையெல்லாம் தாண்டிவிட்டது.

கடல்மேல் மூடிபோல இருந்த பனிக்கட்டி குறைந்ததுதான் முக்கியக் காரணம். மூடி திறந்தால், கடலின் சூடு காற்றில் கலக்கும். அதனால்தான் அங்கே கோடையைவிடக் குளிர்காலம் அதிகம் சூடாகிறது.

அதே விமான நிலையத்துக்குப் பக்கத்து மலைக்குள்தான் உலக விதைப் பெட்டகம் இருக்கிறது. ஹைதராபாத்தின் இக்ரிசாட் நிறுவனம் அனுப்பிய சோளம், கம்பு, கேழ்வரகு விதைகளும் அதில் உண்டு. 2016 அக்டோபரில், பனி பெய்ய வேண்டிய பருவத்தில் மழை கொட்டி, நுழைவுச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. நல்லவேளை, விதைகள் தப்பின. நார்வே அரசு அந்தச் சுரங்கத்தையே நீர் புகாதபடி திரும்பக் கட்டியது.

இந்தியாவுக்கும் ஸ்வால்பார்ட்டில் ஒரு வீடு உண்டு. 2008 ஜூலை 1-ல் திறக்கப்பட்ட 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம். 2023 டிசம்பரிலிருந்து நம் விஞ்ஞானிகள் குளிர்காலத்திலும் அங்கே தங்கி ஆய்வு செய்கிறார்கள். மாற்றம் அதிகம் தெரிவது அந்த இருட்டு மாதங்களில்தானே!