தையல் இல்லாத அங்கி

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையும் கோவையிலிருந்து திருச்சி போகும் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது அவிநாசிபாளையம். வடக்கே பனியன் கம்பெனிகளின் நகரம். சுற்றிலும் விசைத்தறி, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு. இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தை வேலை நேரத்தோடு மல்லுக்கட்டித்தான் அனுசரிக்கிறார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனவர், ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். சனிக்கிழமை சம்பளம். அதற்கு முந்தின நாள் மாலை, மெஷினை விட்டு எழுந்து சிலுவைப்பாதைக்குப் போவது எளிதான காரியமல்ல. அப்படியும் வருகிறார்கள். பஞ்சுத் தூசி ஒட்டிய தலைமுடியோடு, பகலெல்லாம் வேலை பார்த்த கால்களோடு வந்து முழந்தாளிடுகிறார்கள்.

திருநீற்றுப் புதன் தொடங்கி, ஞாயிறுகளை நீக்கி எண்ணினால் உயிர்ப்புப் பெருவிழா வரை 40 நாட்கள். கத்தோலிக்கர் இதைத் தவக்காலம் என்கிறார்கள், சி.எஸ்.ஐ. சபையினர் லெந்து என்கிறார்கள். எருசலேமில் இயேசு சிலுவை சுமந்து நடந்த பாதையை நினைவுகூரும் சிலுவைப்பாதைப் பக்தியைப் பிரான்சிஸ்கன் துறவிகள் உலகெங்கும் பரப்பினார்கள். 1731-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் அதன் நிலைகளைப் பதினான்கு என்று உறுதிசெய்தார். புனித வெள்ளியன்று பகல் 12 மணி முதல் 3 மணி வரை சி.எஸ்.ஐ. ஆலயங்களில் சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1687-ல் பெரு நாட்டின் லிமா நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. அதற்குப் பின் அங்கே அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைத் துறவி தொடங்கிய வழிபாடு அது. கத்தோலிக்கத் துறவி தொடங்கியதைச் சீர்திருத்த சபைகளும் தமதாக்கிக்கொண்டன.

பத்தாம் நிலை

பதினான்கில் பத்தாம் நிலை, இயேசுவின் ஆடைகளை உரியும் நிலை. உலகத்துக்கே உடுப்புத் தைத்துக் கொடுக்கும் ஊரில் இந்த நிலைக்கு முன் நிற்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒன்றைக் காண முடியும்.

சிலுவையில் அறைந்த வீரர்கள் அவருடைய உடைகளைப் பங்கிட்டுக்கொண்டதை நான்கு நற்செய்தியாளர்களும் சொல்கிறார்கள். யோவான் மட்டும் ஒரு தொழில்நுட்ப விவரத்தையும் சேர்க்கிறார். மற்ற துணிகளை ஆளுக்கொரு பங்காக நான்காகப் பிரித்த வீரர்கள், உள்ளங்கியைக் கிழிக்கவில்லை. அதில் தையலே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவு. கிழித்தால் யாருக்கும் பயன்படாது என்று சீட்டுப் போட்டார்கள்.

இது பனியன் தொழிலாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமே அல்ல. வட்ட நிட்டிங் மெஷினிலிருந்து துணி குழாய் வடிவில் இறங்கும். உடம்பு அளவுக்கே நிட்டிங் செய்த பனியனுக்குப் பக்கத் தையல் கிடையாது. ஓவர்லாக் போட்டு இணைத்த இடம் என்றைக்காவது பிரியக்கூடும். இணைப்பே இல்லாத இடத்தில் பிரிய என்ன இருக்கிறது?

கி.பி. 251 வாக்கில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான், திருச்சபையின் ஒற்றுமை பற்றி எழுதியபோது இந்த அங்கியைத்தான் எடுத்துக்காட்டினார். கிறிஸ்துவின் அங்கியாகப் போற்றப்படும் ஆடை ஒன்று ஜெர்மனியின் ட்ரியர் பேராலயத்தில் இருக்கிறது. 1512-ல் முதன்முதலாக அதை மக்களுக்குக் காட்டினார்கள். 500 ஆண்டு நிறைவாக 2012-ல் நடந்த யாத்திரைக்குப் பிரிந்தவற்றை ஒன்றுசேர்ப்பதே கருப்பொருள். நம் மண்ணிலும் அதற்குச் சான்று உண்டு. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றாகி, தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது.

கிழிந்தது எங்கே?

சபைப் பிரிவுகளைத் தாண்டியும் ஒரு கிழிசல் இருக்கிறது. அதன் பெயர் சாதி. கோவைக்கும் அவிநாசிக்கும் இடையிலுள்ள கருமத்தம்பட்டி, கொங்கு நாட்டுக் கத்தோலிக்கத்தின் பழைய தலைமையிடம். 1846-ல் ஆயராகி அங்கிருந்து பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக், சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம் என்ற கேள்வியில் மனச்சாட்சி நெருக்கடிக்கு உள்ளாகி 1855-ல் பதவி விலகினார். பிறகு ஆப்பிரிக்கப் பணிக்காக ஒரு சபையைத் தொடங்கி, 1859-ல் ஃப்ரீடவுன் நகரில் காலமானார். அவர் விட்டுச் சென்ற கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

2008 மார்ச் 9. அன்று தவக்காலத்து ஞாயிறு. குருத்தோலை ஞாயிறுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், ஆலயத்தில் சம உரிமை கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். ஒரே சிலுவைக்கு முன் முழந்தாளிட்டவர்கள்தான் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ரோமப் படைவீரர்கள் கிழிக்கத் தயங்கியதை நாம் தயங்காமல் கிழித்திருக்கிறோம். இதைவிடக் கடுமையாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

திருப்பூர் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. பனியன் கம்பெனியில் தென்மாவட்டத்துக்காரரும் கொங்குக்காரரும் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்களும் ஒரே லைனில் உட்கார்ந்து தைக்கிறார்கள். ஒருவர் கை வைத்த துணியைத்தான் அடுத்தவர் வாங்கித் தைக்கிறார். வடக்கிலிருந்து வந்தவர்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. ஆலயத்துக்கு வந்தால் மட்டும் அவர்கள் பின்வரிசைக்குப் போவது ஏன்?

ஆகவே பங்குத்தந்தையரிடமும் சபை ஆயர்களிடமும் பங்குப் பேரவைகளிடமும் வேண்டுவது இதுதான். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையை ஷிப்ட் முடியும் நேரத்துக்கு மாற்றுங்கள். சில நிலைகளையாவது இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல, அந்த மொழி பேசுகிறவர்களையே அழையுங்கள். சிலுவையைச் சுமக்க எப்போதும் பின்னால் நிற்கும் குடும்பங்களை முதலில் கூப்பிடுங்கள். பெரிய வியாழனன்று பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது சாதியும் மொழியும் கலந்து நிற்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை எங்கே இருந்தாலும் இந்த நாற்பது நாட்களுக்குள் அதை அகற்றுங்கள். இறைச்சியை விடுவது எளிது. சாதியை விடுவதுதான் இந்த மண்ணில் உண்மையான தவம்.