காலால் சுவைக்கும் வண்ணத்துப்பூச்சி

உங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? எலுமிச்சையோ நாரத்தையோ இருந்தாலும் போதும். வெயில் சற்று ஏறிய பிறகு அதன் அருகே அசையாமல் நின்று பாருங்கள். கறுப்பு இறக்கைகள் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று வரக்கூடும். அது பூவைத் தேடி வரவில்லை. ஓர் இலையில் இறங்கி, முன்கால்களால் படபடவென்று தட்டும். உடனே எழுந்து பக்கத்துச் செம்பருத்தி இலையில் இறங்கித் தட்டும். அங்கே நொடி நேரம்கூடத் தங்காது. மறுபடி கறிவேப்பிலைக்கு வந்து தட்டும். இம்முறை வயிற்றின் நுனியை வளைத்து, கடுகளவு முட்டை ஒன்றை இலையில் ஒட்டிவிட்டுப் பறந்து போகும்.

ஏன் இப்படித் தட்டுகிறது? இலையைச் சுவை பார்க்கிறது! நமக்கு நாக்கில் இருக்கும் சுவையுணர்வு, பெண் வண்ணத்துப்பூச்சிக்கு முன்கால்களின் நுனியிலும் இருக்கிறது. அங்குள்ள நுண்ணிய மயிர்கள் இலையின் வேதிப்பொருள்களை உணர்கின்றன.

இது விளையாட்டல்ல. முட்டையிலிருந்து வெளிவரும் புழு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். செம்பருத்தி இலையைத் தின்று அதனால் வாழ முடியாது. வேறு செடியைத் தேடி நடக்கவும் இயலாது. தாய் இடம் தவறினால் பிள்ளை பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்.

கண் போதாதா?

‘இலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளக் கூடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நல்ல மனிதக் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காணும். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுக்கண்ணுக்கோ ஏறக்குறைய ஒரு பாகை இடைவெளி வேண்டும். ஒரு மீட்டர் தொலைவில் ஒரு பாகை என்பது சுமார் 1.7 சென்டிமீட்டர். கறிவேப்பிலையின் ஓர் இலை அங்கிருந்து அதற்கு வெறும் பச்சைப் புள்ளிதான்!

ஆனால் நிறத்தில் அது நம்மை மிஞ்சிவிடும். நம் கண்ணில் நிறம் காணும் செல்கள் மூன்று வகை. ஜப்பானில் எலுமிச்சை இனச் செடிகளில் முட்டையிடும் ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு ஆறு வகை ஒளியுணர் செல்கள் உண்டு. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும்.

இதே பூச்சியின் சுவையுணர்வையும் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். முட்டையிடத் தூண்டுவது ஏதோ ஒரு பொருளன்று, பல பொருள்களின் கலவை என்று கண்டனர். அவற்றுள் ஒன்று சினெஃப்ரின். முன்காலில் அதை உணரும் ஏற்பியை 2011இல் கண்டறிந்தனர். அந்த ஏற்பியை உண்டாக்கும் ஜீனின் வேலையைக் குறைத்தபோது, சினெஃப்ரினைத் தொட்ட பிறகும் பூச்சிகள் முட்டையிடுவது குறைந்துவிட்டது.

தூண்டிலில் ஒரு காகிதப் பூச்சி

கண்ணும் மணமும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதை முட்டையிடுவதில் மட்டுமல்ல, துணை தேடுவதிலும் காணலாம். நெதர்லாந்தின் ஹுல்ஸ்ஹோர்ஸ்ட் மணல்வெளியில் டின்பெர்கன் என்ற விஞ்ஞானி, கிரேலிங் என்னும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியை ஆராய்ந்தார். ஆண் பூச்சி தரையில் காத்திருக்கும். பெண் பறந்து சென்றால் துரத்தும். வேடிக்கை என்னவென்றால், அது உதிரும் சருகையும் துரத்தும். சிறு பறவையையும் துரத்தும். சில வேளை தன் நிழலையே துரத்தும்!

எதைக் கண்டு துரத்துகிறது? டின்பெர்கனும் அவருடைய தோழர்களும் காகிதத்தில் பூச்சிகளை வெட்டி, கழியில் நூல்கட்டித் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார்கள். ஒரு முறை நிறத்தை மட்டும் மாற்றினார்கள். ஒரு முறை அளவை மட்டும். ஒரு முறை அசைவை மட்டும். இப்படி ஏறத்தாழ 50,000 சோதனைகள்! துரத்துவதற்கு நிறம் முக்கியமல்ல என்று தெரிந்தது. கருமையான காகிதம், துள்ளித் துள்ளிச் செல்லும் அசைவு, அருகாமை ஆகியவையே ஆணை இழுத்தன. அப்படியானால் அதற்கு நிறமே தெரியாதா? தெரியும்! உணவு தேடும்போது அதே பூச்சி மஞ்சள், நீலக் காகிதங்களை நாடிச் சென்றது. கண் ஒன்றுதான், தேவைக்கு ஏற்ப அது கேட்கும் கேள்வி வேறு.

பெண் தரையில் இறங்கியதும் மணத்தின் முறை வருகிறது. ஆண் எதிரே நின்று குனிந்து, பெண்ணின் உணர்கொம்புகளைத் தன் முன்னிறக்கைகளுக்கிடையே பிடித்து, அங்குள்ள மணச் செதில்களில் படச் செய்கிறது. அச்செதில்களை அரக்குப் பூசி மறைத்தால், இறக்கையில் வேறிடத்தில் அரக்குப் பூசிய ஆண்களைவிட வெற்றி குறைந்தது. இரண்டாம் கூட்டத்துக்கு எதற்காக அரக்குப் பூசினார்கள்? தோல்விக்குக் காரணம் அரக்கின் சுமையன்று, மணம் மறைந்ததே என்று உறுதி செய்வதற்காக! இந்த ஆய்வு 1942இல் வெளிவந்தது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக டின்பெர்கன் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நீங்களும் செய்யலாம்

ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான். கறிவேப்பிலையை அரைத்து, அதன் சாற்றைச் செம்பருத்தி இலைகள் சிலவற்றில் தடவுங்கள். வேறு சில இலைகளில் வெறும் நீரைத் தடவுங்கள். பூச்சி எத்தனை இலைகளைத் தட்டியது, எவற்றில் முட்டையிட்டது என்று நோட்டில் குறித்து வாருங்கள். முட்டையிடாவிட்டாலும் குறியுங்கள், அதுவும் ஒரு விடைதான்.

ஒருவேளை அது ஏமாந்து செம்பருத்தியில் முட்டையிட்டுவிட்டால், அந்த இலையைக் கிள்ளி எடுத்துக் கறிவேப்பிலைக் கிளையோடு கட்டிவிடுங்கள். உங்கள் சோதனைக்காக ஒரு புழு பட்டினி கிடக்கலாகாது, அல்லவா?